புதுக் கலாநிதிகளுக்கு ஊர் விழா: பொன்னாடை போட்டு அனுப்பினால் போதுமா?

கிணற்றுக்கட்டு எழுதியது:

எங்கள் சனசமூக நிலையக் கூட்டத்தில் ஒரு விஷயம் முடிவில்லாமல் இழுபடுகிறது, அதனால் இங்கே போடுகிறேன். இந்த முறை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பில் எங்கள் ஊர் ஆட்கள் இரண்டு பேருக்குக் கலாநிதிப் பட்டம், அதாவது பி.எச்.டி. ஒரு பிள்ளை வலிகாமத்து நிலத்தடி நீரைப் பற்றிச் செய்தவர், மற்றத் தம்பி கூத்தைப் பற்றி. சந்தியில் பதாகை கட்டியாயிற்று, பேப்பரில் வாழ்த்தும் வந்துவிட்டது. அடுத்தது கௌரவிப்பு விழா. நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன், மங்கள விளக்கு, வரவேற்பு நடனம், ஆசியுரை, பிறகு வாழ்த்துரை, வாழ்த்துரை, வாழ்த்துரை. பட்டம் பெற்றவர்களுக்குக் கடைசியில் ஏற்புரை, ஆளுக்கு ஐந்து நிமிடம். அது அம்மா அப்பாவுக்கும் மேற்பார்வையாளருக்கும் நன்றி சொல்லவே சரியாகப் போய்விடும்.

நான் கேட்டது இவ்வளவுதான்: இவ்வளவு காலம் மினக்கெட்டு என்னத்தைக் கண்டுபிடித்தார்கள் என்று ஊருக்கு அவர்களே சொல்லட்டுமே, அதற்கு அரை மணித்தியாலம் கொடுத்துவிட்டு வாழ்த்துரைகளைக் குறைப்போமே என்று. "சனம் அதுகளைக் கேட்டுக்கொண்டு இருக்காது தம்பி" என்று ஒரு ஐயா முடித்துவிட்டார். உண்மையாகவே இருக்காதா? உங்கள் ஊர்களில் யாராவது செய்து பார்த்தீர்களா?

தட்டிவான் எழுதியது:

சனம் இருக்காது என்று யார் சொன்னது? அத்தனை வாழ்த்துரைக்கும் இருக்கிற சனம் எதற்கும் இருக்கும். போன வருசம் எங்கள் பக்கத்தில் நடந்த விழாவில் பிரதம விருந்தினர் முக்கால் மணித்தியாலம் பேசினார், பட்டம் பெற்றவரின் ஆய்வுத் தலைப்பைக்கூடச் சொல்லவில்லை. தன்னுடைய பள்ளிக்கூடக் காலத்தைத்தான் சொன்னார். பொன்னாடை போர்த்தும்போது பெயரையும் மாற்றிக் கூப்பிட்டார். பெடியன் சிரித்துக்கொண்டு நின்றான், பாவம்.

வாத்தியார்_ஓய்வில் எழுதியது:

பொன்னாடையைப் பற்றி எல்லோரும் நக்கலாகக் கதைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்தப் பொன்னாடை பட்டம் பெற்றவருக்கு அல்ல தம்பிமாரே, முன்வரிசையில் இருக்கிற தாய்க்கு. பிள்ளை வீட்டில் இருந்துகொண்டே வருடக் கணக்காகக் கணினிக்கு முன்னால் தலையைக் குனிந்திருக்கும், "இன்னும் படிப்பு முடியவில்லையா, கலியாணம் எப்போது" என்று சனம் கேட்கக் கேட்கப் பதில் சொன்னவர் அந்த அம்மாதான். அவருக்கு ஒரு நாள் வேண்டாமா?

அதோடு, ஆய்வை மேடையில் அரை மணித்தியாலத்துக்குள் சொல்ல வை என்றால் என்ன நடக்கும்? ஒன்று விளங்காது, அல்லது விளங்கவேண்டும் என்று இல்லாததைச் சொல்ல வேண்டி வரும். ஆய்வு என்பது நிதானமான வேலை. விழா வேறு, கருத்தரங்கு வேறு. இரண்டையும் கலக்காதீர்கள்.

செம்மண் எழுதியது:

வாத்தியார் சொல்கிற தாய்க்கு மரியாதை வேண்டும், ஓம், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் என்னுடைய கதையையும் கேளுங்கள். நான் வெங்காயமும் புகையிலையும் செய்கிறவன். என் தோட்டக் கிணற்றில் தண்ணீர் எடுக்க எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள், போத்தலில் பிடிப்பார்கள், இலக்கம் எழுதி ஒட்டுவார்கள், எவ்வளவு உரம் போடுகிறீர்கள், மலகூடம் எவ்வளவு தூரத்தில் என்று ஒரு தாளில் கேட்டு எழுதுவார்கள். தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள். ஒருவராவது திரும்பி வந்து "அண்ணை, உங்கள் தண்ணீர் இப்படி இருக்கு" என்று சொன்னதில்லை. பிறகு பேப்பரில் படம் வரும், தொப்பி போட்டு, கலாநிதி என்று. நல்லது, வாழ்த்துகள். என் கிணறு எந்தப் பக்கத்தில் வந்தது அந்தப் புத்தகத்தில்?

வடலி எழுதியது:

செம்மண் அண்ணையின் கோபம் நியாயமானது. நான் இப்போதும் செய்துகொண்டிருக்கிறவன், முடித்தவன் இல்லை, எனவே மற்றப் பக்கத்தையும் கொஞ்சம் சொல்கிறேன்.

இங்கே கலாநிதிப் பட்டம் செய்பவர்களில் நிறையப் பேர் முழுநேர மாணவர்கள் இல்லை. பகலில் விரிவுரை, விடைத்தாள், செயன்முறை வகுப்பு. ஆய்வு இரவிலும் சனி ஞாயிறிலும். பலர் முதலில் அதற்குக் கீழ்ப் படியான எம்.பில் பட்டத்துக்குப் பதிந்துவிட்டு, முன்னேற்ற அறிக்கைகள் பார்த்து மேலே உயர்த்திக் கொடுத்தால்தான் பி.எச்.டி. நாட்டின் தகைமைச் சட்டகத்தில் அது 12ஆம் மட்டம், அதற்கு மேலே படி இல்லை. 2022இல் பெற்றோல் வரிசையில் நாடே நின்றபோது களவேலைக்கு மோட்டார் சைக்கிளில் போக வழியில்லை, டொலர் இல்லாததால் இரசாயனம் வந்து சேரவில்லை, மின்வெட்டில் குளிரூட்டியில் வைத்த மாதிரிகள் என்ன ஆகுமோ என்று நெஞ்சு பதறும். அந்தக் காலத்தில் தொடங்கி இப்போது முடித்தவர்கள் என்றால் எழுந்து நின்று கைதட்டத்தான் வேண்டும். ஆனால் அதை மேடையில் யாரும் சொல்வதில்லை, "இளமையிலேயே கெட்டிக்காரி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். கெட்டித்தனம் இல்லை அது. விடாப்பிடி.

அரைச்சுவர் எழுதியது:

இடையில் ஒன்று. கலாநிதி என்று பெயருக்கு முன்னால் போடுகிற எல்லோருக்கும் விழா எடுக்கிற ஊர்களும் இருக்கின்றன. காசு கட்டினால் ஒரு மண்டபத்துக்குக் கூப்பிட்டு அங்கியும் தொப்பியும் மாட்டி "கௌரவ கலாநிதி" கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், வாங்கி வந்தவருக்கும் அதே பதாகை, அதே மாலை, அதே நாதஸ்வரம். உண்மையாகச் செய்தவரையும் வாங்கியவரையும் ஊர் எப்படி வேறுபடுத்தும்? இந்த இழையைத் தொடங்கியவர் கேட்கிற அரை மணித்தியாலம்தான் ஒரே வழி. செய்தவர் சொல்லுவார். வாங்கியவருக்குச் சொல்ல என்ன இருக்கும்?

உப்சாலாவில்_ஒருவன் எழுதியது:

ஆறு ஏழு நிமிடம் சிரித்தேன் அரைச்சுவர்.

நான் இருக்கிற சுவீடனில் ஒரு பழக்கம் உண்டு. ஆய்வேடு அச்சானதும் மாணவர் ஒரு சுத்தியலோடு போய் அதைப் பல்கலைக்கழகத்தில் பலகையில் ஆணி அடித்துத் தொங்கவிடுவார், நண்பர்கள் நின்று கைதட்டுவார்கள். விளையாட்டு மாதிரித் தெரியும், ஆனால் அதற்கு அர்த்தம், வாய்மொழித் தேர்வுக்குச் சில கிழமைகள் முன்னமே ஆய்வேடு பகிரங்கமாகிவிட்டது, யாரும் வாசிக்கலாம், வாசித்துவிட்டு வந்து கேள்வி கேட்கலாம். தேர்வும் திறந்த மண்டபத்தில்தான். பெற்றோர், அயலவர், கூட வேலை செய்தவர்கள் எல்லோரும் இருப்பார்கள், எதிர்வாதம் செய்யவென்றே வெளியிலிருந்து ஒருவரை அழைத்திருப்பார்கள். நோர்வேயிலும் சபையிலிருந்து எழுந்து கேள்வி கேட்க ஆட்களுக்கு உரிமை உண்டு. இரவு விருந்து. பின்லாந்தில் பட்டமளிப்புக்குத் தொப்பியோடு வாளும் கொடுப்பார்கள். ஜேர்மனியில் கோட்டிங்கன் என்ற ஊரில் புதுக் கலாநிதிகள் சந்தைச் சதுக்கத்து நீரூற்றில் ஏறி அங்கே நிற்கிற வாத்துக்காரச் சிறுமியின் சிலைக்கு முத்தம் கொடுப்பார்கள், அதை நம் ஊரில் செய்யச் சொல்லவில்லை.

நான் சொல்ல வருவது, அங்கே கொண்டாட்டமும் ஆய்வும் ஒரே நாளில்தான் நடக்கின்றன. முதலில் கேள்வி, பிறகு சாப்பாடு. வாத்தியார் ஐயா சொல்கிறபடி இரண்டும் வேறு வேறு என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

வாத்தியார்_ஓய்வில் எழுதியது:

சுவீடனில் குளிருக்குச் சனம் மண்டபத்துக்குள் இருக்கும் தம்பி. இங்கே கச்சான் வண்டி வெளியே நிற்கும்.

சரி, பகிடி போகட்டும். அங்கே சபையில் இருப்பவர்களுக்கு அந்த மொழி தெரியும், பாதிப் பேருக்கு அந்தத் துறையும் தெரியும். எங்கள் விஞ்ஞான ஆய்வேடுகள் ஆங்கிலத்தில் எழுதப்படுபவை. எழுதியவருக்கே அதைத் தமிழில் சொல்லப் பழக்கம் இராது. மேடையில் நின்று தடுமாறினால் அது அந்தப் பிள்ளைக்கு அவமானம். அதற்காகத்தான் பயப்படுகிறேன்.

மத்தளம் எழுதியது:

ஐயா, பழக்கம் இல்லையென்றால் பழகவேண்டியதுதானே. எங்கள் பெரிய ஆட்கள் பழகினார்களே. கைலாசபதி பேர்மிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சனிடம் செய்த ஆய்வு, சங்கத்து வீரப் பாடல்களைக் கிரேக்கத்து வாய்மொழிப் பாடல்களோடு வைத்துப் பார்த்தது. ஆங்கிலத்தில் எழுதியது, 1968இல் ஒக்ஸ்போர்ட் அச்சகம் போட்டது. அதே மனிதர்தான் அதற்கு முன்னால் தினகரன் ஆசிரியராக இருந்து, தேத்தண்ணீர்க் கடையில் பேப்பர் பார்க்கிறவனுக்கு எழுதியவர். 1974இல் திருநெல்வேலியில் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது தலைவராக வந்தவரும் அவர்தான். அதன் பிறகு அது தனிப் பல்கலைக்கழகமானபோது முதல் துணைவேந்தரான வித்தியானந்தன் லண்டனில் பத்துப்பாட்டைப் பற்றிக் கலாநிதிப் பட்டம் வாங்கியவர். வாங்கிக்கொண்டு வந்து என்ன செய்தார்? கிராமம் கிராமமாய்ப் போய், கூத்துப் பழக்குகிற அண்ணாவிமாரைத் தேடிக் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்தார். அவருக்குத் தெரிந்திருந்தது யாரிடம் கேட்க வேண்டும், யாருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று.

எனக்கு இதில் சொந்த அக்கறையும் உண்டு. எங்கள் அப்பப்பா அண்ணாவியார். கூத்து ஆய்வு என்று வந்தவர்களுக்கு அவர் விடிய விடியப் பாடிக் காட்டியிருக்கிறார், தாளக்கட்டுச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இந்த முறை பட்டம் பெற்ற தம்பி நல்லவர், அடிக்கடி வந்து பார்த்துவிட்டுப் போகிறவர். அவருடைய விழாவில் அப்பப்பாவுக்கு எங்கே கதிரை? சபையிலா, மேடையிலா? அதைத்தான் நான் கேட்பேன். பொன்னாடை இரண்டு வாங்குங்கள்.

கிணற்றுக்கட்டு எழுதியது:

மத்தளம், இது எனக்குத் தோன்றவே இல்லை. கூட்டத்தில் வைக்கிறேன்.

அரைச்சுவர் எழுதியது:

பெரிய ஆட்களைச் சொல்லும்போது துரைராஜாவை விட்டுவிடாதீர்கள். வடமராட்சிக்காரர், ஹாட்லிக் கல்லூரியில் படித்தவர், கேம்பிரிட்ஜில் மண்ணைப் பற்றி ஆய்வு செய்தவர். ஈரக் களிமண்மேல் சுமை ஏறினால் அது எந்தக் கட்டத்தில், எப்படி விட்டுக்கொடுக்கிறது என்று ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் என்ற இருவரோடு சேர்ந்து 1963இல் எழுதிய கட்டுரையைக் குடிசார் பொறியியல் படிக்கிற பிள்ளைகள் இன்றைக்கும் உலகம் முழுக்கத் தொடுகிறார்கள், அணைக்கும் கட்டடத்துக்கும் அத்திவாரம் கணக்கிடும் மென்பொருள்களுக்குள் அந்த யோசனைதான் ஓடுகிறது. 1988இலிருந்து 1994 வரை யாழ்ப்பாணத்தில் துணைவேந்தர். பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிளில் கம்பஸ் வந்தார் என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்லுவார்கள். சைக்கிளைச் சொல்லுவார்கள், களிமண்ணைச் சொல்ல மாட்டார்கள். ஏனென்றால் களிமண்ணை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. எளிமையான மனிதர் என்று புகழ்ந்துவிட்டுப் போவது எங்களுக்குச் சுகம்.

தட்டிவான் எழுதியது:

இப்படி நாலு வரியில் சொல்ல முடிகிறதே, பிறகென்ன "விளங்காது விளங்காது" என்று. எனக்கு விளங்கிவிட்டது. நான் சாதாரண தரத்தோடு நின்றவன்.

வடலி எழுதியது:

நாலு வரி என்றதும் ஞாபகம் வருகிறது. அவுஸ்திரேலியாவில் குயீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் 2008இல் தொடங்கிய ஒரு போட்டி இருக்கிறது, ஆய்வு மாணவர் மூன்று நிமிடத்தில், ஒரே ஒரு படத்தை மட்டும் பின்னால் வைத்துக்கொண்டு, துறை தெரியாத ஆட்களுக்குத் தன் ஆய்வைச் சொல்ல வேண்டும். எண்பதாயிரம் சொல் ஆய்வேட்டை வாசித்துக் காட்டினால் ஒன்பது மணித்தியாலம் எடுக்கும் என்று அவர்களே கணக்குச் சொல்லுகிறார்கள். மூன்று நிமிடம் எப்படி வந்தது தெரியுமா? அப்போது அங்கே கடும் வறட்சி. குளிக்கிற நேரத்தைக் குறைக்கச் சொல்லி, வீடுகளில் குளியலறைச் சுவரில் மூன்று நிமிட மணற்கடிகாரம் மாட்டியிருந்தார்கள். அதைப் பார்த்த பீடாதிபதி ஒருவருக்கு வந்த யோசனை. இப்போது எத்தனையோ நாடுகளில் நடக்கிறது.

வாத்தியார் ஐயாவின் பயத்துக்கும் இதில் பதில் உண்டு. மேடையில் போய்த் தடுமாற விடுவதில்லை, முதலே எழுதி, வீட்டில் அம்மாவுக்குச் சொல்லிப் பார்த்து, அம்மா "எனக்கு விளங்கவில்லை" என்று சொன்ன இடத்தையெல்லாம் மாற்றிக்கொண்டு வருவது. ஒரு கிழமை போதும்.

நீர்மட்டம் எழுதியது:

வணக்கம். இந்த இழையில் அடிபடுகிற "நிலத்தடி நீர்ப் பிள்ளை" நான்தான். தம்பி ஒருவன் இணைப்பை அனுப்பினான், ஒளிந்திருந்து வாசித்துக்கொண்டிருந்தேன், இனிச் சொல்லாமல் இருக்க ஏலாது.

முதலில் செம்மண் அண்ணைக்கு. உங்கள் கிணற்றுக்கு வந்தது நான் இல்லை, என்றாலும் ஏன் யாரும் திரும்பி வருவதில்லை என்று சொல்ல முடியும். ஆய்வுக்கு ஒதுக்குகிற பணத்தில் இரசாயனத்துக்கு இருக்கும், பயணத்துக்கு இருக்கும், கட்டுரை வெளியிட இருக்கும். முடிவை வீட்டுக்காரருக்குச் சொல்ல என்று ஒரு வரி இருக்காது. ஆய்வேட்டில் உங்கள் கிணறு ஒரு இலக்கம், அதன் எதிரே ஒரு எண். பரீட்சகர் அந்த எண் சரியா என்று கேட்பார், அந்த எண்ணை நீங்கள் அறிவீர்களா என்று கேட்கமாட்டார். கேட்கிற இடத்தில் ஊர் இருந்தால் நாங்களும் செய்துதான் ஆகவேண்டும்.

இனி, மூன்று நிமிடத்தில் சொல்ல முடியுமா என்று இங்கேயே பார்க்கிறேன், விளங்காத இடத்தைச் சொல்லுங்கள்.

எங்கள் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. வழுக்கியாறும் மழைக்கு மட்டும்தான். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கித் தேங்குகிறது, அதைத்தான் மிச்ச மாதங்களில் இறைக்கிறோம். அந்த நல்ல தண்ணீருக்குக் கீழே கடல் தண்ணீர் இருக்கிறது. உப்பு நீர் பாரம் கூடியது, நல்ல நீர் அதற்கு மேலே மிதக்கிறது. கணக்குப்படி, கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் நாற்பது மீற்றர் வரை நல்ல தண்ணீர். அதைத் திருப்பிப் பாருங்கள்: அளவுக்கு மீறி இறைத்து மேலே ஒரு அடி குறைத்தால் கீழே உப்பு நாற்பது அடி ஏறப் பார்க்கும். துலாவால் அள்ளிய காலத்தில் இந்தக் கவலை குறைவு, மோட்டார் வந்த பிறகு கூடியது.

அடுத்தது உரம். செம்மண்ணில் வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலைக்குப் போடுகிற யூரியாவும் எருவும் பயிர் எடுத்தது போக மிச்சம் மழையோடு கரைந்து கீழே போகிறது. மண் மெல்லிய படைதான், கீழே கல்லில் வெடிப்பு, வடிகட்ட நேரமில்லை. மலகூடக் குழியும் அப்படியே. அதனால் தண்ணீரில் நைத்திரேற்று கூடுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம். தோட்டச் செய்கை நெருக்கமான இடங்களில் அதைத் தாண்டிய கிணறுகள் இருக்கின்றன, 1980களிலிருந்தே இங்குள்ள ஆய்வாளர்கள் இதைச் சொல்லி வருகிறார்கள்.

வீட்டில் தெரிந்திருக்க வேண்டியது இதுதான். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் ஆவியாகப் போகப் போக மிச்சத்தில் செறிவு கூடும். குளோரீன் போட்டாலும் போகாது. பெரியவர்களைவிட ஆறு மாதத்துக்குள் இருக்கிற குழந்தைக்குத்தான் ஆபத்து, அதுவும் போத்தல் பால் கரைத்துக் கொடுக்கிற குழந்தைக்கு. இரத்தம் ஒட்சிசன் காவுவது குறைந்து உடம்பு நீலம் பாரிக்கும். அப்படிக் குழந்தை இருக்கிற வீட்டில் சோதித்த தண்ணீரைத்தான் பாவிக்க வேண்டும்.

மூன்று நிமிடம் தாண்டிவிட்டதா?

தட்டிவான் எழுதியது:

தாண்டினால் என்ன தங்கச்சி. கொதிக்க வைத்தால் எல்லாம் சரி என்று எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். மனிசியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன்.

வாத்தியார்_ஓய்வில் எழுதியது:

பிள்ளை, வடிவாகச் சொன்னாய். "மிதக்கிறது" என்ற இடத்தில் ஒரு படம் இருந்தால் இன்னும் நல்லது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விழாவில் நின்று இன்ன ஒழுங்கையில் இன்னார் கிணறு கூடாது என்று சொன்னால் அடுத்த நாள் காணி விலை இறங்கும், அந்த வீட்டுக்காரர் உன்னோடு சண்டைக்கு வருவார். சம்பந்தம் பேசுகிற இடத்தில்கூடக் கதை போகும். எங்கள் சனத்தை எனக்குத் தெரியும்.

நீர்மட்டம் எழுதியது:

ஓம் ஐயா, அது சரியான பயம். மேடையில் பொதுவாக எந்த மாதிரியான இடங்களில் கூடுகிறது, ஏன் கூடுகிறது என்று மட்டும் சொல்லலாம். தனிக் கிணற்று முடிவு அந்த வீட்டுக்காரருக்கு மட்டும், கடித உறையில், தமிழில், என்ன செய்யலாம் என்ற குறிப்போடு. மாதிரி எடுக்கும்போது கொடுத்த வாக்கும் அதுதான், பெயர் வெளியே வராது என்று.

உப்சாலாவில்_ஒருவன் எழுதியது:

இன்னொரு யோசனை. ஆய்வேட்டுக்குத் தமிழில் ஒரு பத்துப் பக்கச் சுருக்கம் எழுதி, பல்கலைக்கழகத்தின் அனுமதியோடு 'நூலகம்' என்ற இணையத் தளத்தில் போடலாம். 2005இலிருந்து எத்தனை பழைய புத்தகங்களையும் மலர்களையும் சேமித்து வைத்திருக்கிறார்கள், 1981இல் நூல் நிலையம் எரிந்து 97,000 புத்தகம் போன ஊருக்கு அதைவிடப் பெரிய வேலை இல்லை. விழா மலர் அச்சடிக்கிற காசில் வாழ்த்துச் செய்திகளுக்குப் பதிலாக அந்தச் சுருக்கத்தையே போடலாமே.

அரைச்சுவர் எழுதியது:

அரசியல்வாதியின் வாழ்த்துச் செய்தியும் படமும் இல்லாத மலரா? இது புரட்சி.

வடலி எழுதியது:

சுருக்கம் நல்லது, ஆனால் அதுதான் கடைசி வார்த்தை என்று அச்சடிக்காதீர்கள். இந்திரபாலா 1965இல் லண்டனில் இலங்கைத் தமிழர் குடியேற்றம் பற்றிச் செய்த ஆய்வின் முடிவுகளை, புதிய சான்றுகள் வந்த பிறகு, 2005இல் வந்த நூலில் தானே மாற்றி எழுதினார். நாற்பது வருடம். கலாநிதிப் பட்டம் வாங்கியவர் அதோடு வாய் மூடிவிடுவதில்லை, எனவே விழாவும் ஒன்றோடு முடியவேண்டியதில்லை. ஐந்து வருடம் கழித்துக் கூப்பிட்டு "இப்போது என்ன நினைக்கிறீர்கள்" என்று கேளுங்கள்.

கிணற்றுக்கட்டு எழுதியது:

நேற்று இரவு கூட்டம் முடிந்தது. வாழ்த்துரை மூன்று, ஆளுக்கு ஐந்து நிமிடம், மணி அடிக்க ஒரு பிள்ளை. பட்டம் பெற்ற இருவருக்கும் ஆளுக்கு இருபது நிமிடம், அதில் பாதி கேள்விக்கு. அண்ணாவியாருக்கு மேடையில் கதிரை, பொன்னாடை, பேச்சு முடிய ஒரு பாட்டு அவர் பாடுகிறார், மத்தளம் நீங்கள் அடிக்க வேண்டும். அம்மாமார் இருவருக்கும் பொன்னாடை, அதை வாத்தியார் ஐயாதான் போர்த்த வேண்டும் என்று தீர்மானம், மறுக்க ஏலாது. "சனம் கேட்காது" என்று சொன்ன ஐயா கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை, தலைவர் வாக்கெடுப்புக்கு விட்டார்.

மலர் பற்றி இன்னும் முடிவில்லை. அங்கேதான் உண்மையான சண்டை.

வாத்தியார்_ஓய்வில் எழுதியது:

வருகிறேன். ஆனால் கேள்வி நேரத்தில் முதல் கேள்வி என்னுடையது.

செம்மண் எழுதியது:

பிள்ளை, விழாவுக்கு வரும்போது என் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து தந்தால் பார்த்துச் சொல்லுவீரோ? பக்கத்து வீட்டில் மூன்று மாதக் குழந்தை இருக்கு, அவர்களும் என் கிணற்றில்தான் அள்ளுகிறார்கள்.

நீர்மட்டம் எழுதியது:

விழா வரை வைத்திருக்க வேண்டாம் அண்ணை, நாளைக்கே தாருங்கள். தண்ணீர் வாங்குகிற சுத்தமான போத்தல் ஒன்று போதும், சோடாப் போத்தல் வேண்டாம். மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் போத்தலை மூன்று தரம் அலசிவிட்டு, காற்று நிற்காமல் கழுத்து மட்டும் நிரப்பி மூடுங்கள். வெயில் படாமல் குளிர்ப்பெட்டியில் வையுங்கள், உறையவிட வேண்டாம். காலையில் பிடித்தால் அன்றைக்கே கொண்டுவாருங்கள். முடிவு வரும்வரை அந்தக் குழந்தைக்குப் பால் கரைக்க வேறு தண்ணீர் எடுக்கச் சொல்லுங்கள், கொதிக்க வைத்தாலும் இதை வேண்டாம்.

செம்மண் எழுதியது:

ஓம். இப்பவே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.